சைரன் வண்டியில் ரெண்டு பேர்

சூலியா: கொஞ்சம் நகர்ந்து உக்காரு. இந்த வண்டியை உனக்கு மட்டுமா குடுத்திருக்காங்க?

பெட்டாயா: எனக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க. இது தீயணைப்பு வண்டி, சூலியா. மகனை வரவேற்க வந்த அம்மாக்களை ஏத்தணும்னு எங்கேயும் எழுதலை.

சூலியா: ஏத்தக்கூடாதுன்னு எழுதியிருக்கா?

பெட்டாயா: ...இல்லை.

சூலியா: அப்ப நகரு. அங்க ஏர்போர்ட் கட்டடத்துல நிக்க முடியலை. வர்றவ எல்லாம் ஒரே கேள்வி. "சூலியா, மகன் உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றானாமே? சூலியா, இனிமே ஆக்லாந்துதானாமே?" இந்த ஃபுனாஃபுட்டியில ஒரு ரகசியம் வச்சுக்க முடியுதா...

பெட்டாயா: எங்கேன்னு வைக்கிறது? நம்ம தீவோட அகலமே ஒரு ரன்வே, ஒரு ரோடு. மிச்சம் இருக்கிற இடத்துல வீடு கட்டிட்டோம்.

சூலியா: பேச்சு மட்டும் நல்லா வருது. இந்தா, கூடையைப் பிடி. சாய்க்காதே. சூரை மீன் பொரிச்சிருக்கேன்.

பெட்டாயா: அது நீ கதவைத் திறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு துண்டு...

சூலியா: கையை எடு! மகனுக்கு.

பெட்டாயா: இத்தனை வருஷம் கழிச்சு வர்றவனுக்கு ஒரு துண்டு குறைஞ்சா தெரியவா போகுது?

சூலியா: எனக்குத் தெரியும்.

பெட்டாயா: சரி, சரி... அது என்ன, முகமெல்லாம் வெள்ளையா?

சூலியா: பவுடர்.

பெட்டாயா: மகனுக்காகவா?

சூலியா: பின்னே? உனக்காகவா?

பெட்டாயா: நான் ஒண்ணும் சொல்லலையே!

சூலியா: அதான் தெரியுமே. நீ எப்பவும் ஒண்ணும் சொல்றதில்லை.

பெட்டாயா: ...ஆக்லாந்துல வீட்டுக்குள்ளயே அனல் விடற மெஷின் இருக்காம். ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும், குளிரே தெரியாதாம்.

சூலியா: யாரு சொன்னா?

பெட்டாயா: யாரு சொல்லணும்? கப்பல்ல காலம் தள்ளினவன் நான். எனக்குத் தெரியாதா?

சூலியா: நீயும் என் வீட்டுக்காரரும் போனது ஹாம்பர்க். ஆக்லாந்து இல்லை.

பெட்டாயா: குளிர் எல்லா ஊர்லயும் குளிர்தானே... மனாசே இருந்திருந்தா அவனே சொல்லுவான். இன்னொண்ணு, அங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. பேத்தி இருக்கா. மருமக இருக்கா. ராத்திரியில விழுந்தா தூக்கறதுக்கு ஆள் இருக்கும்.

சூலியா: மறுபடி அதை ஆரம்பிக்காதே.

பெட்டாயா: ஆரம்பிக்காம? விடியற வரைக்கும் குளியலறைத் தரையில கிடந்திருக்கே...

சூலியா: அதான் காலையில நீ வந்துட்டியே.

பெட்டாயா: எப்படி வந்தேன்? தினமும் ரன்வேயில என்கூட நடக்கிறவ அன்னிக்கு வரலையேன்னு வந்தேன். அன்னிக்கு மட்டும் மழை பெஞ்சிருந்தா நானே நடக்கக் கிளம்பியிருக்கமாட்டேன். உன்னைத் தேடியிருக்கவும் மாட்டேன்.

சூலியா: பெய்யலையே.

பெட்டாயா: ...பெய்யலை.

சூலியா: இடுப்பும் சரியாப்போச்சு. பாரு, உன் வண்டியில யாரோட கையும் பிடிக்காம ஏறினேன்.

பெட்டாயா: ஏறும்போது "அம்மாடி"ன்னியே.

சூலியா: அது வண்டி அழுக்கைப் பாத்துச் சொன்னது.

பெட்டாயா: இரு, ரேடியோ கூப்பிடுது... ஆ, கேக்குது, சொல்லு... சரி... சரி, கிளம்பிட்டேன். சூலியா, விமானம் கிட்ட வந்துருச்சாம். காதைப் பொத்திக்கோ.

சூலியா: எதுக்கு? இத்தனை காலமா இந்த சைரன் சத்தத்தைக் கேட்டுத்தான் உலையில அரிசி போடறேன்.

பெட்டாயா: வீட்டுல கேட்டிருப்பே. இது நேரா உச்சந்தலைக்கு மேல. சொன்னாக் கேளு...

சூலியா: அய்யய்யோ! அய்யோ என் காது!

பெட்டாயா: சொன்னேன்ல?

சூலியா: என்ன? கேக்கலை!

பெட்டாயா: அந்த மைக்கை எடு! ஹலோ, ஹலோ. விமானம் வருது. ரன்வேயில வாலிபால் ஆடறவங்க வலையைக் கழட்டிட்டு ஓரமாப் போங்க. கடைசி ஆட்டம் எல்லாம் அப்புறம் ஆடிக்கலாம், போங்கப்பா. அங்க பாய் விரிச்சுப் படுத்திருக்கிற பெரியவரே, எழுந்திருங்க. உங்களைத்தான். காது கேக்கலையா? எழுந்து... அய்யா, பாஸ்டர்! மன்னிக்கணும்ங்க. மெதுவா எழுந்திருங்க. அவசரமில்லை.

சூலியா: பாஸ்டரையா அதட்டினே?

பெட்டாயா: கவுந்து படுத்திருந்தா ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சூலியா: ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல உனக்கு இருக்கு. குடு அந்த மைக்கை. ஸ்கூட்டர்ல குறுக்கப் போறது யாரு? ஏய், லிட்டியாவா அது? பின்னாடி கட்டிப்பிடிச்சு உக்காந்திருக்கிறது யாருடி? உன் புருஷன் மாதிரி தெரியலையே!

பெட்டாயா: அணை! அதை அணை! ஊருக்கே கேக்குது!

சூலியா: அட... அவ புருஷன்தான். முடி வெட்டியிருக்கான். ஆளே மாறிப்போயிட்டான்.

பெட்டாயா: உன்னை ஏத்தினதுக்கு எனக்கு வேலை போகப்போகுது.

சூலியா: போகட்டும். அப்புறம் நீ யாரையும் விரட்டாம நிம்மதியா நடக்கலாம்... பெட்டாயா, தெற்கால பாரு. காயல் பக்கம்.

பெட்டாயா: பாத்துட்டேன்.

சூலியா: மழை வருது. சுவரு மாதிரி வருது.

பெட்டாயா: வரட்டும். விமானம் அதுக்கு முன்னாடி இறங்கிடும்.

சூலியா: எங்க இறங்குது? சத்தம் தலைக்கு மேல கேக்குது. மறுபடி மேல போற மாதிரி இருக்கே...

பெட்டாயா: இரு, கேட்டுச் சொல்றேன். ரேடியோ, என்ன ஆச்சு?... ம்... ம்... சரி.

சூலியா: என்னவாம்?

பெட்டாயா: பைலட்டுக்குக் கீழ எதுவும் தெரியலையாம். ஒரு சுத்து சுத்திட்டு மேகம் விலகற நேரமாப் பாத்து இன்னொரு தடவை வர்றாராம். அப்பவும் முடியலைன்னா கிளம்பின சுவாவுக்கே திரும்பிடுவாராம்.

சூலியா: என் மகன்?

பெட்டாயா: அவனும்தான். நடுவுல இறக்கிவிட முடியுமா?

சூலியா: அப்புறம் எப்ப வருவான்?

பெட்டாயா: அடுத்த விமானம் வர்றப்ப. இடம் கிடைச்சா... சூலியா, அது என்ன? ரன்வே நடுவுல, மஞ்சளா...

சூலியா: மஞ்சளா இருந்தா அது கேப்டன்தான். கிழட்டு நாய். வெதுவெதுன்னு இருக்கும்னு அங்கதானே எப்பவும் படுக்கும்.

பெட்டாயா: இவ்வளவு சத்தத்துலயும் அசையலை பாரு!

சூலியா: அதுக்குத்தான் காது கேக்காதே. நீ போட்ட சைரன் நமக்கு மட்டும்தான்.

பெட்டாயா: ரேடியோ, ரேடியோ, பெட்டாயா பேசறேன். ரன்வேயில நாய் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு... சரி. நான் சொல்ற வரைக்கும் இறங்கக்கூடாது... ஆமா, சொல்றேன்.

சூலியா: நீ சொன்னாத்தான் இறங்குமா?

பெட்டாயா: ஆமா.

சூலியா: சொல்லலைன்னா?

பெட்டாயா: ஒரு சுத்துதான். அப்புறம் போயிடும்.

சூலியா: திரும்பியா?

பெட்டாயா: திரும்பி.

சூலியா: சொல்லப்போறியா, இல்லையா?

பெட்டாயா: உன் மகன் உள்ள இருக்கான், சூலியா.

சூலியா: அது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்டேன்.

பெட்டாயா: நீ வண்டியிலயே இரு. கதவைத் திறக்காதே.

சூலியா: எங்க போறே? யோவ்! வண்டியிலயே போகலாம்ல?

பெட்டாயா: வண்டியைப் பாத்தா அது சக்கரத்துக்கு அடியில போய் ஒளியும்! பழக்கம்!

சூலியா: ஓடாதேய்யா! மழை பிடிச்சுருச்சு, வழுக்கும்! கைலியைத் தூக்கிக் கட்டிட்டு ஓடு! அய்யோ கர்த்தரே, இந்த வயசுல என்ன ஓட்டம் ஓடுது பாரு... அந்தப் பக்கம் இல்லை, பெட்டாயா! இந்தப் பக்கம்! அது உன்கூட விளையாடுது!

பெட்டாயா: கேப்டன்! வா! வாடா! வந்து தொலைடா!

சூலியா: செவிட்டு நாயைக் கூப்பிடறான் பாரு! கையைக் காட்டுய்யா!

பெட்டாயா: காட்டறேன், வரமாட்டேங்குது! மூச்சு... மூச்சு வாங்குது!

சூலியா: இரு! நான் வர்றேன்!

பெட்டாயா: இறங்காதேன்னு சொன்னேன்! உன் இடுப்பு...

சூலியா: என் இடுப்பை நான் பாத்துக்கறேன்! கேப்டன்... இந்தா, பாத்தியா? சூரை மீன். வாசனை பிடி. காதுதான் போச்சு, மூக்கு இருக்குல்ல? வா... வா கண்ணு... இன்னொரு துண்டு. இந்தா, இன்னொண்ணு. அப்படியே வண்டிக்குள்ள ஏறு. என் தங்கம்!

பெட்டாயா: கதவைச் சாத்து! சாத்திட்டியா?

சூலியா: சாத்திட்டேன்! நீயும் ஏறு, ஓரமா ஓட்டு!

பெட்டாயா: ஏறிட்டேன்... வால் மாட்டிக்கப்போகுது, உள்ள இழு... போலாம்... ரேடியோ! ரேடியோ, ரன்வேயை... மூச்சு விட்டுக்கறேன், இரு... ரன்வேயை விட்டு வெளிய வந்துட்டோம். முழுக்கக் காலி. இறங்கச் சொல்லு.

சூலியா: சொல்லிட்டே.

பெட்டாயா: சொல்லிட்டேன்.

சூலியா: அதோ! அதோ விளக்கு! மேகத்துக்குள்ள இருந்து...

பெட்டாயா: நேராத்தான் வர்றாரு. சரியா வர்றாரு... இன்னும் கொஞ்சம்... தொட்டுட்டாரு.

சூலியா: கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னமா தண்ணியை வாரி அடிச்சுட்டுப் போகுது!

பெட்டாயா: நின்னுருச்சு பாரு. உன் மகன் வந்துட்டான், சூலியா.

சூலியா: ...வந்துட்டான்.

பெட்டாயா: என்ன, அழறியா?

சூலியா: மழைத் தண்ணி.

பெட்டாயா: பவுடர் எல்லாம் போச்சு.

சூலியா: போகட்டும். பெட்டாயா, ஒண்ணு கேக்கறேன். அப்படி என்ன ஓட்டம் ஓடினே நீ? காலையில என்கூட நடக்கிறப்ப முட்டி வலிக்குதுன்னு வழியில வழியில உக்கார்றே. இன்னிக்கு அந்த முட்டி எங்க போச்சு?

பெட்டாயா: வேலைன்னு வந்தா...

சூலியா: வேலையா? இல்லை, இவளை அனுப்பிவைக்கப்போற விமானம் திரும்பிடக்கூடாதேன்னு ஓடினியா?

பெட்டாயா: நீ மட்டும் என்னவாம்? மகனுக்குன்னு பொரிச்ச மீனை நாய்க்குப் போட்டியே!

சூலியா: என் பிள்ளை உள்ள இருந்தான். நான் போடுவேன்.

பெட்டாயா: நானும் அதுக்காகத்தான் ஓடினேன். உன் பிள்ளை உள்ள இருந்தான்.

சூலியா: ...அவ்வளவுதானா?

பெட்டாயா: சூலியா...

சூலியா: சொல்லு.

பெட்டாயா: அது வந்து...

சூலியா: ம்?

பெட்டாயா: ...மழை விட்டுருச்சு.

சூலியா: ஆமா. விட்டுருச்சு. நல்லவேளை, நீ சொன்னே. இல்லைன்னா எனக்கு எப்படித் தெரியும்?

பெட்டாயா: கோவிச்சுக்காதே. அதோ, கட்டடத்துல இருந்து ஜனங்க வெளிய வர்றாங்க. அந்த நீலச் சட்டை... குண்டா...

சூலியா: என் மகன் குண்டு இல்லை.

பெட்டாயா: குண்டுதான். நம்மளைப் பாத்துக் கையை ஆட்டறான்.

சூலியா: சிகேலி! டேய் சிகேலி! இங்க! வண்டியில!

சிகேலி: அம்மா! என்னம்மா இது, தீயணைப்பு வண்டிக்குள்ள? முழுக்க நனைஞ்சிருக்கே! இரு, இரு, இறங்காதே, நான் வர்றேன்.

சூலியா: கிட்ட வா. குனி. தலைமாலை கட்டியிருக்கேன்... நசுங்கிப்போச்சு. பரவாயில்லை, வச்சுக்கோ. குண்டாயிட்டேடா...

பெட்டாயா: இப்பத்தானே இல்லைன்னே?

சூலியா: நீ சும்மா இரு.

சிகேலி: பெட்டாயா மாமா! எப்படி இருக்கீங்க? ஏன் இப்படி இரைக்குது உங்களுக்கு?

பெட்டாயா: ஒண்ணுமில்லடா மருமகனே. வயசு.

சிகேலி: இருங்க... விமானம் சுத்தி வந்தப்ப, மேகம் கொஞ்சம் விலகின நேரம், ஜன்னல் வழியாப் பாத்தேன். ரன்வேயில யாரோ கைலியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு நாயைத் துரத்திட்டு ஓடினாங்க. பக்கத்து சீட்டுக்காரர் மிரண்டுபோயிட்டாரு. "பயப்படாதீங்க, இதான் எங்க துவாலு, வீட்டுக்கு வந்துட்டோம்"னு சொன்னேன். அது நீங்களா மாமா?

சூலியா: அவரேதான். உன்னைக் கூட்டியாந்தே ஆகணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை.

சிகேலி: மீன் வாசனை வருதே... எனக்கா?

சூலியா: உனக்குத்தான் பொரிச்சேன். கேப்டன் சாப்பிட்டுட்டான். வீட்டுல புலாக்காக் கிழங்கு இருக்கு, பதநீர் இருக்கு, வா. சிகேலி, சாமானை எப்பக் கட்டணும்? என்னிக்குக் கிளம்பணும்?

பெட்டாயா: அதெல்லாம் நான் வந்து கட்டித் தர்றேன். கயிறு போடறதுல கப்பல்காரனை மிஞ்ச ஆளில்லை.

சூலியா: பாத்தியா? கயிறோட நிக்கிறாரு.

சிகேலி: இருங்க, இருங்க. நீங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கவே இல்லையா?

சூலியா: டேய், நீ வாயை மூடு.

பெட்டாயா: டேய், நீ சொல்லமாட்டேன்னு சொன்னே!

சூலியா: ...எதைச் சொல்லமாட்டேன்னு சொன்னான்?

பெட்டாயா: ஒண்ணுமில்லை.

சூலியா: சிகேலி?

சிகேலி: மாமா, மன்னிச்சுக்கோங்க. அம்மா இப்படிப் பாத்தா எனக்கு சின்ன வயசுலயே பொய் வராது. அம்மா, நீ விழுந்த மறுநாள் மாமா எனக்குப் போன் பண்ணினாரு. "உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயிடு. இங்க தனியா விடாதே. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே"ன்னாரு.

சூலியா: நீயா? நீயா சொன்னே? ஊரெல்லாம் என் மகனாக் கூப்பிடறான்னு நினைச்சுட்டிருக்கு. நீயா என்னை மூட்டை கட்டி அனுப்பப் பாத்தே?

பெட்டாயா: சூலியா, கேளு...

சூலியா: அவ்வளவு தொந்தரவாவா இருந்தேன் உனக்கு?

பெட்டாயா: தொந்தரவா? பயந்துபோயிட்டேன்! அன்னிக்கு உன்னைத் தூக்கினேன்ல, உன் கை ஜில்லுன்னு இருந்துச்சு. நான் கூப்பிட்டேன், நீ கண்ணைத் திறக்கலை. மனாசேயைக் கடைசியா இப்படித்தான் தூக்கினேன். இவளுமா போயிட்டான்னு... தூரத்துல இருந்தாலும் பரவாயில்லை. எங்கேயாவது இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்னு தோணுச்சு. அதான் போன் பண்ணினேன். அடிக்கணும்னா அடிச்சுக்கோ.

சூலியா: இதை என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா? ஊரையே மைக்குல அதட்டறே!

பெட்டாயா: மைக்குல சொல்ற விஷயமா இது? சொல்லலாம்னு கிட்ட வந்தா மனாசே முகம் ஞாபகம் வருது. அவன் சிநேகிதன் நான். அவன் வீட்டுல சாப்பிட்டவன். நான் எப்படி...

சூலியா: அவர் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட என்ன சொன்னாரு?

பெட்டாயா: ...சூலியாவைப் பாத்துக்கோன்னு.

சூலியா: பொட்டி கட்டி ஆக்லாந்து அனுப்புன்னா சொன்னாரு?

பெட்டாயா: இல்லை.

சிகேலி: மாமா, தண்ணி குடிங்க முதல்ல. இந்தாங்க.

பெட்டாயா: எனக்கு ஒண்ணும் வேணாம்டா. எல்லாம் சொல்லியாச்சு. நீ சொல்லு, உங்கம்மாவுக்கு டிக்கெட்டு என்னிக்கு? அன்னிக்கும் நான்தான் சைரன் போடணும். மனசைத் தயார் பண்ணிக்கறேன்.

சிகேலி: அம்மாவுக்கு நான் டிக்கெட்டே வாங்கலையே, மாமா.

பெட்டாயா: வாங்கலையா? அப்ப எதுக்குடா இவ்வளவு தூரம் வந்தே?

சூலியா: சிகேலி, வேணாம். வீட்டுல போய்ப் பேசிக்கலாம். டேய்...

சிகேலி: மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன், மாமா. நீங்க போன் பண்ணின அன்னிக்கு சாயங்காலமே அம்மாவும் பண்ணிச்சு: "நான் அங்கெல்லாம் வரமாட்டேன், சிகேலி, ஆனா வர்றேன்னே ஊர்ல சொல்லிவைக்கிறேன், அதைக் கேட்டும் அந்த மனுஷன் வாயைத் திறக்கலைன்னா, நீயே கிளம்பி வந்து எனக்காக அவரைக் கேட்டுரு."